கை தூக்கியது நான் இல்லை

1

இந்தக் கதை ஒரு மனுவிலிருந்து வந்தது. மனுவை எழுதியவள் நான். எங்கள் நகரை மாநகராட்சியோடு சேர்க்கச் சொல்லி முந்நூற்றுச் சொச்சம் வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட இரண்டு பக்க மனு. பத்திரிகைகளில் எப்போதாவது வரும் என் கதைகளை என் கணவர் ஜெரால்ட் கடைசி வரி வரை படித்ததில்லை. மனுவை நான்கு முறை படித்தார். இதுதான் எழுத்து என்றார்.

(என் பெயர் அருள்ஜோதி. பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். கதைக்குள் நான் வரக் கூடாது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஐந்தாம் பகுதி அதைக் கெடுத்துவிட்டது.)

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன். மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

முதலாவது: "ஒரு காலத்தில் நெல் விளைந்த அந்த மண்ணில் இன்று—"

இதை நான் எழுதுவது பொய். அங்கே நெல் விளைந்ததை நான் பார்த்ததில்லை. நாங்கள் மனை பார்க்க வந்த அன்றே கல் நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, நம்பர் எழுதியிருந்தார்கள். பார்க்காத நெல்லுக்காக நான் அழுவதை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது: "உலக மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று நகரங்களில் வாழ்கின்றனர். விரைவான நகரமயமாதலை நிர்வகிப்பது—"

இது நான் வகுப்பில் நடத்துகிற பாடம். ஐந்து மதிப்பெண் கேள்வி. நகரமயமாதலின் விளைவுகள் ஐந்து, தீர்வுகள் ஐந்து. பிள்ளைகள் தீர்வுகளை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். நானும் சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு மினி பஸ் பிடித்து, தீர்வு எதுவும் வராத என் வீட்டுக்கு வருவேன்.

மூன்றாவது: "அம்சம் என் வீட்டுக்கு வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்."

இது நிற்கும்போல இருக்கிறது. ஆனால் அம்சம் யார் என்று சொல்வதற்கு முன் இடத்தைச் சொல்ல வேண்டும்.

2

ஊரின் பெயர் கொன்றைக்குடி என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஓர் ஊர் இல்லை. தஞ்சாவூரிலிருந்து மினி பஸ்ஸில் இருபது நிமிஷம் என்பது மட்டும் நிஜம். போன வருஷம் வரை அது தனி ஊராட்சி. மேற்கே பழைய ஊர். கிழக்கே எங்கள் நகர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு நாங்கள் வீடு கட்டியபோது எங்களோடு சேர்த்துப் பதினொரு வீடு. ராத்திரியானால் நரி ஊளையிடும் என்று என் மகன் பள்ளிக்கூடத்தில் பெருமையடிப்பான். இப்போது ஆறு குறுக்குத் தெரு, இரண்டு சூப்பர் மார்க்கெட், ஒரு பல் ஆஸ்பத்திரி.

நாங்கள் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து மகன் படிப்புக்காக வந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரத்தநாட்டிலிருந்து, மனைவிக்கு டயாலிசிஸ் செய்ய ஆஸ்பத்திரி பக்கம் வேண்டும் என்று வந்தார். எதிர்வீட்டில் மகள் வேலைக்குப் போக ரயில் நிலையம் பக்கம் வேண்டியிருந்தது. ஒவ்வொருவரிடமும் நியாயமான ஒரு காரணம் இருந்தது. முந்நூறு நியாயமான காரணங்களை ஓர் இடத்தில் சேர்த்தால்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

பழைய ஊருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பாசன வாய்க்கால். பொதுப்பணித் துறைக் கணக்கில் எட்டாம் நம்பர். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் பின்சுவர்களை ஒட்டி வந்து, அம்சம் இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு, மிச்சமிருக்கும் நாற்பது ஏக்கர் வயலுக்குப் போகும். இங்கே மண் களிமண். மழைக்காலத்தில் தரைக்குள் எதுவும் இறங்காது. செப்டிக் டேங்க் கட்டினாலும் அதில் சேரும் தண்ணீர் போக இடம் கிடையாது. எங்கள் வீடு கட்டிய கொத்தனார் இதை எனக்கு விளக்கிவிட்டு, "பின்னாடி வாய்க்காலுக்கு நாலு இஞ்ச் பைப்பு ஒண்ணு விட்றவா டீச்சர்?" என்று கேட்டார். எல்லாரும் விடுகிறார்களா என்றேன். விடுகிறார்கள் என்றார். சரி என்றேன். கிரகப்பிரவேச அவசரத்தில் அந்த உரையாடல் அரை நிமிஷம்கூட நடக்கவில்லை.

* இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. முதலில் கொத்தனாரே கேட்காமல் விட்டுவிட்டார் என்று எழுதியிருந்தேன்.

3

ஜெரால்ட் நகர் நலச்சங்கத்தின் செயலாளர். தெருவிளக்கு, பஸ் நிறுத்தம், ரேஷன் கடை எல்லாம் அவர் அலைந்து வாங்கியது. அவரைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாகிவிடும். அவர் கெட்டவர் இல்லை. மாநகராட்சியோடு சேர்ந்தால்தான் பாதாள சாக்கடை வரும், குப்பை வண்டி வரும் என்று அவர் உறுதியாக நம்பினார். நானும் நம்பினேன். மனுவில் அதை எழுதினேன். எழுதும் வேகத்தில் இன்னொரு வரியும் விழுந்தது: "நூறு நாள் வேலை என்ற பெயரில் மரத்தடியில் கழியும் மனித உழைப்பு, நகர வளர்ச்சியில் பயனுள்ளதாக மாறும்."

பழைய ஊர் சேர வேண்டாம் என்றது. ஊராட்சி போனால் நூறு நாள் வேலையும் போகும். இருநூறு பெண்கள் அந்த வேலையை நம்பியிருந்தார்கள். வீட்டு வரியும் ஏறும் என்று பேசிக்கொண்டார்கள்.

அம்சம்தான் ஊராட்சித் தலைவர். ஐம்பது வயதிருக்கும். நடவுக்கும் களையெடுக்கவும் போய்க்கொண்டிருந்தவர். பெண்களுக்கான தனித் தொகுதியாக ஊராட்சி ஒதுக்கப்பட்டபோது நின்று ஜெயித்தார். முதல் வருஷம் அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வேறு இரண்டு பேர் தலைவராக இருந்தார்கள். இரண்டாம் வருஷம் அவர் கோப்பு படிக்கப் பழகிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் அலுவலகத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

* முதல் வரைவில் அம்சம் "வந்தாள்", "சொன்னாள்" என்று எழுதியிருந்தேன். கதாநாயகியை எழுதுவது அப்படித்தானே என்று எனக்கே சமாதானம் சொன்னேன். ஆனால் அதே வரைவில் ஜெரால்ட் "வந்தார்", ஊராட்சிச் செயலர் "வந்தார்", கொத்தனார்கூட "வந்தார்". கணினியில் தேடித்தேடி மாற்றினேன். எங்காவது ஒன்று தப்பியிருந்தால் என்னைத் திட்டுங்கள்.

ஆக, அவர் என் வீட்டுக்கு வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். காலாண்டு விடுமுறை. டி.வி.எஸ் எக்ஸெல்லை வாசலில் நிறுத்திவிட்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டேன். நல்ல கோப்பையில் காப்பி கொடுத்தேன். நல்ல கோப்பையாகப் பார்த்து எடுத்தேன் என்பதை நான் கவனித்தேன். அவரும் கவனித்திருப்பார்.

மனுவின் நகல் அவர் பைக்குள் இருந்தது. எடுத்துப் பிரித்து ஒரு வரியில் விரல் வைத்தார்.

"மரத்தடியில எங்களை எப்பப் பாத்தீங்க டீச்சர்?"

பள்ளிக்கூடத்தில் பாதி நாள் விடுமுறை விட்டால் மினி பஸ்ஸில் மதியம் வருவேன், அப்போது பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன்.

"ஒரு மணியா இருக்கும். அது சாப்பாட்டு நேரம்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நேரத்தைத் திருத்துகிற மாதிரி சொன்னார். நான் பார்த்த அன்றும் காலை ஏழரை மணிக்கு இறங்கி எட்டாம் நம்பரில் தூர் வாரியிருந்தார்களாம். முழங்கால் வரை எதில் நின்று வாரினார்கள் என்பதை விளக்கவில்லை. கை கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தவரிடம் நான் வாஷ்பேசினைக் காட்டினேன். அவர் கொல்லைப்புறக் குழாய்க்குப் போனார். திரும்பிவர ஐந்து நிமிஷம் ஆனது. எங்கள் கொல்லைப்புறச் சுவர் என் மார்பளவுதான்; அதற்கு அந்தப் பக்கம் வாய்க்கால்.

வந்து உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார். அவர்கள் பக்கத்து மனுவையும் நானே எழுதித்தர வேண்டும். ஊராட்சிச் செயலர் எழுதினால் ஆபீஸ் பாஷையாக இருக்கும், மேலே உள்ளவர்கள் படிக்காமலே கட்டிவைத்துவிடுவார்கள் என்றார். உங்கள் மனுவைத் தாசில்தாரே சத்தமாகப் படித்தாராம், அந்த மாதிரி ஒன்று வேண்டும்.

எதிர் மனுவை எப்படி நான் எழுதுவது என்று கேட்டேன்.

"உங்களுக்கு எழுத வருது. எங்களுக்கு எழுத ஆள் இல்ல. அவ்வளவுதான்" என்றார்.

4

எழுதினேன். ஜெரால்டிடம் சொல்லாமல் எழுதினேன். அம்சம் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்துக்கொண்டேன். கணவன் இல்லாதவர்கள், காட்டுக்கும் மேட்டுக்கும் இனி நடக்க முடியாதவர்கள், குறுவையும் இல்லை சம்பாவும் இல்லை என்கிற மாதங்கள், இயந்திர நடவு வந்த பிறகு பாதியாகிப் போன வேலை நாட்கள். இரண்டாவது மனு முதலாவதைவிட நன்றாக வந்தது. எனக்குத் தெரிந்தது. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் ஒட்டியும் வெட்டியும் நானே பேசி இரண்டு பரிசையும் வாங்கிய மாதிரி.

அன்று இரவெல்லாம் அது என்னைத் தூங்கவிடவில்லை என்று எழுதலாம். உண்மையில் நன்றாகத் தூங்கினேன். அமைதியில்லாமல் போனது அதற்கப்புறம்.

இந்த இடத்தில் எனக்கு அம்சத்தின் மேல் ஒரு சந்தேகம் வந்தது. ஆளின் மேல் இல்லை, பாத்திரத்தின் மேல். ரொம்ப நிதானமாக இருக்கிறார். சரியான நேரத்தில் சரியான வார்த்தை சொல்கிறார். நிஜத்தில் யாரும் இப்படி இருப்பதில்லை என்று வாசகர் சொல்வாரோ என்று பயந்து, அவருக்கு ஒரு இருமல் கொடுத்துப் பார்த்தேன். வாய்க்கால் நாற்றத்தால் வந்த இருமல். பிறகு எடுத்துவிட்டேன். கிழவிபோல இருமினால்தான் ஏழை என்று வாசகர் நம்புவார் என்று நினைத்தவள் நான்தான். வாசகர் அப்படிக் கேட்கவில்லை.

அவரிடம் உள்ள கோணல்களை நான் தேட வேண்டியதில்லை, இருந்தன. தன் தெருவுக்கு மட்டும் முதலில் சிமென்ட் சாலை போட்டுக்கொண்டார் என்று மற்ற இரண்டு தெருவும் இன்னும் குறைசொல்லும். அதைப் பற்றிக் கேட்டபோது, ஆமாம் போட்டேன் என்றார்.

5

அக்டோபர் இரண்டு, கிராம சபை. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் சாமியானா. எங்கள் நகரிலிருந்து அவ்வளவு பேர் கிராம சபைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். பழைய ஊர்ப் பெண்கள் தார்ப்பாயில். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை.

முதலில் ஜெரால்ட் எங்கள் மனுவைப் படித்தார். கைதட்டினோம். அவர் கையிலிருந்த நகலில் மரத்தடி வரியை முந்தின நாளே அடித்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அடுத்து ஊராட்சிச் செயலர் பழைய ஊரின் மனுவைப் படித்தார். பாதியில் எங்கள் பக்கம் ஒரு சலசலப்பு. "எங்கள் பிள்ளைகளின் நாளைய தினத்தை எண்ணி இதைத் தங்கள் மேசைக்குக் கொண்டுவருகிறோம்" என்ற வரி இரண்டு மனுவிலும் இருந்தது. என் கைப்பழக்கம். தார்ப்பாயில் யாரோ சிரித்தார்கள். ஜெரால்ட் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு அம்சம் மைக்கை வாங்கினார். ஒட்டா வெட்டா என்று உடனே கை தூக்கச் சொல்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"சேரணுமா வேணாமாங்கறத அப்புறம் பேசுவோம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். சாக்கடை வேணும்னு மனுவுல எழுதியிருக்கீங்க. எங்க தெருவுக்கும் வேணும். இப்ப உங்க வீட்டுத் தண்ணி எங்க போகுது? எட்டாம் நம்பர்ல பைப்பு விட்டிருக்கறவங்க கை தூக்குங்க. யாரையும் ஒண்ணும் செய்யப்போறதில்ல. தீர்மானத்துல எழுதணும், அதுக்குத்தான்."

சாமியானாத் துணி காற்றில் அடித்துக்கொண்டது. என் வலது கையில் ஒரு குடை இருந்தது. குடையை இடது கைக்கு மாற்றினேன். மாற்றியதும் வலது கை சும்மா இருந்தது. மறுபடி குடையை வலது கைக்கே கொண்டுவந்தேன்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஹாஃபிஸா. நான்காம் குறுக்குத் தெருவில் மாடியில் வாடகைக்கு இருந்து ஜாக்கெட் தைத்துக்கொடுப்பவர். எனக்கும் தைத்துத் தந்திருக்கிறார்.

"நாங்க இருக்கற வீட்டுப் பைப்பு வாய்க்கால்லதான் போகுது. நான் வாடகைக்குதான் இருக்கேன். ஆனா தண்ணி என்னோடதுதானே" என்றார்.

அவ்வளவுதான். வேறு கை எழவில்லை. அம்சம் நாற்காலிகளை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, என்னிடம் வந்ததும் கொஞ்சம் நின்றார். பிறகு "ஒரு வீடு. எழுதிக்குங்க" என்று செயலரிடம் சொன்னார்.

சேர வேண்டாம் என்ற தீர்மானம் நிறைவேறியது. தார்ப்பாயில் ஆள் அதிகம்.

6

அதற்குப் பின் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகச் சொன்னால் நான் ஏதாவது சமாதானம் சேர்த்துவிடுவேன்.

அன்று மாலையே ஹாஃபிஸா கை தூக்கிய வீடியோ நகர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் நகர் விஷயத்தில் தலையிடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஜெரால்டின் கட்டைவிரலும் இருந்தது. நான் ஒரு பதில் தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். இரண்டு மனு எழுதியவளுக்கு இரண்டு வரி வரவில்லை.

வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று ஹாஃபிஸாவுக்குத் தகவல் சொன்னார். தையல் மெஷினோடு அவர் தாராசுரத்தில் அக்கா வீட்டுக்குப் போனார். போவதற்கு முன் தைத்துவைத்திருந்த என் ஜாக்கெட்டை வீட்டில் வந்து கொடுத்தார். சரியான அளவு. அந்த வீட்டில் கல்யாணம் எதுவும் இன்றுவரை நடக்கவில்லை; வேறு குடும்பம் குடிவந்திருக்கிறது.

தீர்மானம் என்னவாயிற்று என்று தெரியாது. ஊராட்சியின் ஐந்து வருஷம் முடிந்தது. சில மாதத்தில் கொன்றைக்குடியையும் இன்னும் சில ஊர்களையும் மாநகராட்சியோடு சேர்த்து ஆணை வந்தது. எங்கள் நகரில் பட்டாசு வெடித்தார்கள். இப்போது எங்கள் தெருவுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு பேட்டரி வண்டி வந்து குப்பை எடுக்கிறது. நூறு நாள் வேலை நின்றது. பெண்கள் காலையில் லோடு ஆட்டோவில் ஏறி ஒரத்தநாட்டுப் பக்கம் நடவுக்குப் போகிறார்கள். அந்த ஆட்டோ எங்கள் பிரதான சாலை வழியாகத்தான் போகும். கம்பியைப் பிடித்து நிற்கிறவர்களில் அம்சமும் இருப்பார். நான் வாசலில் கோலம் போடாத கிறிஸ்தவள். ஆனாலும் அந்த நேரத்தில் வாசலுக்கு வராமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் அவர் கை காட்டினார். நானும் காட்டினேன்.

(கை காட்டுவது எளிது என்று அடுத்து ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

பாதாள சாக்கடை வரவில்லை. வேலை கிடைக்காத ஒரு நாளில் அம்சம் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். ஒரு இளம் பொறியாளர் உட்காரவைத்துப் பேசினாராம். கோப்பைத் திறந்து காட்டினாராம். எங்கள் முந்நூறு வீட்டுக்கும் கட்டட அனுமதி வரைபடத்தில் செப்டிக் டேங்க் இருக்கிறது, உறிஞ்சுகுழி இருக்கிறது. வாய்க்காலில் கழிவுநீர் விடுவதாக எங்கும் பதிவில்லை. கிராம சபையில் பதிவானது ஒரே வீடு, அதிலும் இப்போது சொன்னவர் இல்லை. நெருக்கடி உள்ள பகுதிகளுக்குத்தான் முதல் கட்டம்.

"பேப்பர்ல உங்க வாய்க்கால் சுத்தமா இருக்கும்மா. வீட்டுக்காரங்க எழுதிக் கொடுத்தா நான் மாத்தி அனுப்பறேன்" என்று சொன்னாராம்.

கிராம சபையில் அம்சம் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஒரு பதிவுக்காக.

7

போன வாரம் அவர் மறுபடி வந்தார். ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் அப்போதுதான் வந்திருந்தோம். இந்தத் தடவை கேட்டைத் திறந்துகொண்டு அவரே உள்ளே வந்தார். கையில் ஜெராக்ஸ் எடுத்த தாள்கள். ஒவ்வொன்றிலும் அவரே எழுதிய இரண்டு வரி:

"எங்கள் வீட்டுக் கழிவுத் தண்ணீர் எட்டாம் நம்பர் வாய்க்காலில் விடப்படுகிறது. சாக்கடை இணைப்பு வேண்டும்."

கீழே கதவு எண், பெயர், கையெழுத்து. நான் வேண்டுமானால் இதைக் கொஞ்சம் திருத்தி எழுதித்தரட்டுமா என்றேன்.

"வேணாம் டீச்சர். அழகா இருந்தா சந்தேகப்படுவாங்க."

அப்போதுதான், ஏன் என்று தெரியவில்லை, நான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். படிக்கச் சொன்னார். ஜெரால்ட் உள்ளறைக்குப் போய்விட்டார். படித்தேன். அந்த வரைவில் ஐந்தாம் பகுதி இப்போது இருப்பதுபோல இல்லை. அதில் பின்வரிசையில் யாரும் கிடையாது. முன்வரிசையில், குடையைக் கீழே வைத்துவிட்டு, கை தூக்கியவள் நான். "தண்ணி என்னோடதுதானே" என்று சொன்னவளும் நான்.

கதைக்காகத்தான் என்று வைத்துக்கொண்டிருந்தேன். ஆட்களைக் குறைத்தால் கதை இறுகும். எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

அம்சம் முழுதும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "கை தூக்குனது ஹாஃபிஸா. அத மாத்துங்க" என்றார்.

மாற்றுகிறேன் என்றேன். பிறகு, பல மாதமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். வாய்க்காலில் விழும் எங்கள் வீட்டுக் குழாயை, முதல் தடவை வந்து கை கழுவப் போன அன்றைக்கே பார்த்துவிட்டீர்கள், சபையில் என் பெயரைச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?

"சொல்றதுக்கா கேட்டேன்? நீங்க தூக்குவீங்கன்னுதான் கேட்டேன். டீச்சர் தூக்குனா பத்துப் பேரு தூக்குவாங்கன்னு நெனச்சேன்."



8

முடிவுகள்.

அ) சபையில் நான் கை தூக்குகிறேன். இதைத்தான் திருடியாயிற்று, திருப்பிக் கொடுத்துமாயிற்று.

ஆ) ஐப்பசி அடைமழையில் எட்டாம் நம்பர் எதிர்த்துக்கொண்டு எங்கள் நகருக்குள் ஏறுகிறது. நாங்கள் விட்டதெல்லாம் எங்கள் கூடத்துக்கே வருகிறது. எல்லோரும் திருந்துகிறோம். எழுதும்போது சுகமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது, அம்சத்தின் தெரு எங்கள் நகரைவிடத் தாழ்வு. எனக்குப் புத்தி வருவதற்காக முதலில் அவர்கள் வீடு மூழ்க வேண்டும். கிழித்துப் போட்டேன்.

இ) பாதாள சாக்கடை வருகிறது. பழைய ஊரும் புது நகரும் ஒரே குழாயில் சேர்கின்றன. பாடப்புத்தகத்தின் ஐந்தாவது தீர்வு. வரலாம். வந்தால் சந்தோஷப்படுவேன். ஆனால் அன்றைக்கும் இருநூறு பெண்கள் லோடு ஆட்டோவில் போய்க்கொண்டுதான் இருப்பார்கள், அதை எந்தக் குழாயில் சேர்ப்பது என்று எனக்குத்—

நடந்தது இதுதான். வீடு என் பெயரில் இருக்கிறது. அம்சம் கொடுத்த தாளில் கதவு எண் எழுதி, பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டேன். ஜெரால்ட் உள்ளறையிலிருந்து வந்து பார்த்தார். அபராதம் போட்டால் என்ன செய்வாய் என்றார். கட்டட அனுமதியையே கிளறினால் முந்நூறு வீட்டுக்காரர்கள் முகத்திலும் நான் எப்படி முழிப்பேன் என்றார். அவர் பயந்தது நியாயம்தான். அந்த முந்நூறு பேரையும் ஒவ்வொருவராகச் சேர்த்தது அவர். எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அன்று மத்தியானம் இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம். இன்றுவரை அந்தத் தாளைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சில்லை.

அம்சம் தாளை மடித்துப் பையில் வைத்தார். ஒரு தாளாவது சேர்ந்தது என்ற நிம்மதி முகத்தில் தெரியவில்லை.

"எழுதினது போதும், கூட வாங்க. நான் தனியாப் போனா கேட்டே தெறக்க மாட்டேங்கறாங்க. பழைய துணி கேக்க வந்திருக்கேன்னு நெனைக்கறாங்க."

கவுன்சிலர் தேர்தலில் நிற்கப்போகிறீர்களா என்று கேட்டேன். சந்தேகமாகத்தான் கேட்டேன்.

"நின்னாலும் நிப்பேன். அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

9

முதல் ஞாயிறு, முதல் குறுக்குத் தெரு. பதினான்கு வீடு. மூன்று வீட்டில் கையெழுத்துக் கிடைத்தது. அதில் ஒருவர் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அந்தப் பக்கத்து வீட்டம்மா; கணவரைக் கேட்காமலே போட்டார். ஐந்து வீட்டில் வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். ஒரு வீட்டில் என்னை மட்டும் உள்ளே வரச் சொன்னார்கள். நான் வாசலிலேயே நின்றேன். ஒருவர் சங்கச் செயலாளரின் மனைவியே இப்படிச் செய்யலாமா என்று ஜெரால்டுக்கு அங்கேயே போன் போட்டார். மற்றவர்கள் தங்கள் வீட்டில் அப்படிக் குழாயே இல்லை என்றார்கள். அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அம்சம் வாதாடவில்லை. அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு நடந்தார். எனக்குத்தான் வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒவ்வொரு கேட்டிலும் தோன்றியது.

நாளை இரண்டாம் ஞாயிறு, இரண்டாம் குறுக்குத் தெரு. பதினைந்தாவது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கதை எழுதுகிறவள் அங்கே யாரை வேண்டுமானாலும் குடிவைக்கலாம். நல்லவர் ஒருவரை வைத்தால் நான் தப்பித்துக்கொள்வேன். கெட்டவரை வைத்தால் நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள். அதனால் உங்களை வைக்கிறேன்.

உங்கள் நகரின் பெயரும் வாய்க்காலின் பெயரும் வேறாக இருக்கலாம். இங்கே வந்ததற்கு உங்களிடமும் நியாயமான ஒரு காரணம் இருக்கும். நாங்கள் அதைக் கேட்க வரவில்லை.

காலை பதினோரு மணி. கேட்டுக்கு வெளியே இரண்டு பெண்கள். ஒருவர் கையில் தாள், இன்னொருத்தி கையில் பேனா. மணியை அடித்தாயிற்று. உள்ளே டி.வி. சத்தம் குறைகிறது. நீங்கள் எழுந்து வருகிறீர்கள். ஜன்னல் வழியாக ஒரு தரம் பார்க்கிறீர்கள்.

தாழ்ப்பாள் உங்கள் பக்கம் இருக்கிறது.